பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்: சென்னையில் குடியிருப்பு உரிமையும் சங்க அரசியலும்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் தன் பழைய அடுக்குமாடிகளை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, அங்கே குடியிருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் கருணைத் தொகை என்று ஒரு பணம் கொடுக்கிறது. முன்பு அது 8,000 ரூபாய். பின்னர் 24,000 ஆக உயர்ந்தது. கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,333 ரூபாய் வருகிறது. இந்தப் பணத்துக்குச் சென்னையின் எந்தப் பேட்டையிலும் ஒண்டுக்குடித்தன அறைகூடக் கிடைக்காது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டுப் பழகிய ஊரில் முன்பணத்துக்கே அது பற்றாது. ஆகவே அந்தக் குடும்பம் கடன் வாங்கி வெளியே வாடகைக்குப் போகிறது. கட்டடம் தாமதமானால் கடன்மேல் கடன் ஏறுகிறது.

இந்த ஒன்றரை ஆண்டில் அந்தக் குடும்பம் சட்டத்தின் கண்ணில் யார்? குடிசைப்பகுதிவாசி அல்ல. கையில் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாததால் முறையான வாடகைதாரரும் அல்ல. வாடகை கொடுக்க முடியாமல் ஆற்றோரத்தில் நாலு தகரம் நிறுத்தினால் ஆக்கிரமிப்பாளர். அதுவும் முடியாமல் கடை வாசலில் படுத்தால் வீடற்றவர். ஒரே குடும்பம், ஒரே ரேஷன் அட்டை. பெயருக்கு ஏற்ப சட்டம் மாறுகிறது, துறை மாறுகிறது, போய் நிற்கும் நீதிமன்றம் மாறுகிறது. கூடவே சங்கமும் மாறிவிடுகிறது. சென்னையில் குடியிருப்புக்காக நூறாண்டுகளாகப் போராட்டம் நடந்திருக்கிறது. ஆனால் அரசு போட்ட கோடுகளுக்குள்ளேயே அது பெரும்பாலும் நடந்தது. அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இந்தக் கோடுகளில் மிகப் பழையது அடிமனை. மனை ஒருவருடையது, அதன்மேல் நிற்கும் வீடு இன்னொருவருடையது என்ற ஏற்பாடு சென்னையில் பரவலாக இருந்தது. கோயில்களும் அறக்கட்டளைகளும் பெரிய நிலக்காரர்களும் மனையை வாடகைக்கு விட்டார்கள். குடியேறியவர்கள் சொந்தக் காசில் வீடு கட்டிக்கொண்டார்கள். முதல் உலகப் போருக்குப் பின் நகரங்களில் மனை விலை ஏறியதும் நிலக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். பம்பாயில் 1918-லும் கல்கத்தாவில் 1920-லும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்த காலம் அது. சென்னைக்கு வந்தது வேறு மாதிரியான சட்டம்: 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். காலி செய்யச் சொன்னால் கட்டிய வீட்டுக்கு நிலக்காரர் இழப்பீடு தரவேண்டும் என்று அது சொன்னது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் சொன்னது: தான் கட்டிய வீடு நிற்கும் மனையைத் தனக்கே விற்கும்படி உத்தரவிடுமாறு குடியிருப்பவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதன் 9-ஆம் பிரிவால் சொந்த மனை கண்ட குடும்பங்கள் இந்த நகரத்தில் ஏராளம். வாடகைக்கு இருப்பவரை நிலத்தின் உரிமையாளராக்கக்கூடிய ஒரு வழி, காலனி ஆட்சியிலேயே எழுத்தில் ஏறியிருந்தது என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

1996-இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை இந்தச் சட்டத்திலிருந்து விலக்கியது. அதை எதிர்த்த வழக்கில் முன்னால் நின்ற பெயர் மயிலாப்பூர் கிளப். கபாலீசுவரர் கோயில் நிலத்தில் இருக்கும் வசதியானவர்களின் மன்றம் அது. 2005-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. கோயில் சொத்தைக் காப்பது அரசின் கடமை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. மிகக் குறைந்த வாடகைக்குப் பெரிய மனைகளை வைத்திருந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தத் திருத்தம் கிளப்பையும், இரண்டு தலைமுறையாக அரை கிரவுண்டில் ஓட்டு வீடு கட்டி வாழும் தையல்காரரையும் ஒரே தராசில் வைத்தது. பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கும் வலுவான குரல் அன்று இல்லை.

அதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி, குத்தகைக் காலம் முடிந்த பின்னோ ரத்தான பின்னோ தொடர்ந்து இருப்பவர் ஆக்கிரமிப்பாளர். சந்தை மதிப்பை ஒட்டி வாடகை நிர்ணயிக்கும் முறை வந்தபின் பல வீடுகளுக்கு நிலுவை மலைபோல் ஏறியது. கட்ட முடியாதவருக்குக் குத்தகை ரத்து. நேற்றுவரை ரசீது வாங்கி வாடகை கட்டியவர் ஒரு நோட்டீஸில் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுகிறார். இவர்களைத் திரட்டும் சங்கங்கள் மாநிலம் முழுவதும் ஊர்வலமும் மனுவுமாக இயங்குகின்றன. இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவும் உண்டு. நீண்ட காலம் குடியிருப்பவர்களை முறைப்படுத்த 2019 ஆகஸ்டில் ஓர் அரசாணை வந்தபோது, கோயில் நிலங்களைப் பொறுத்தவரை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் குடியிருப்போர் அமைப்பு என்று நிமிர்ந்து சொல்லக்கூடியது இந்த அடிமனைச் சங்கங்களில்தான் இருக்கிறது. அவர்களுடைய முதல் கவலை, நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் அல்லர் என்று நிரூபிப்பது. அந்த நிரூபணம் ஆற்றங்கரைக்காரரிடமிருந்து அவர்களை விலக்கியே வைக்கிறது.

சாதாரண வாடகை வீட்டுக்காரர்கள் நிலை இன்னும் மோசம். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகை கேட்கவும், சட்டம் சொன்ன காரணமின்றி வெளியேற்றப்படாமல் இருக்கவும் உரிமை தந்தது. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் குடியிருப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றிருந்த விதியை 1986-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. வழக்குகள் பத்து, இருபது ஆண்டுகள் இழுத்தன என்பதும் உண்மை. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எல்லாவற்றையும் ஒப்பந்தத்திடம் ஒப்படைத்துவிட்டது. நியாய வாடகை என்ற பேச்சு போயிற்று. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரைதான். வீடு தேடி அலைபவர் எதற்கும் ஒப்புக்கொள்வார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன?

இந்தச் சட்டம் வந்தபோது வாடகைதாரர்கள் தெருவுக்கு வரவில்லை. அடுக்குமாடி உரிமையாளர்களுக்குச் சங்கம் உண்டு, கடை வாடகைக்காக வணிகர் சங்கங்கள் குரல் கொடுக்கும். வீட்டு வாடகைதாரர்களுக்கு மட்டும் பெயர் சொல்லும்படி ஓர் அமைப்பு சென்னையில் வேரூன்றவில்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அடுத்த தெருவில் ஆள் தெரியாது. அட்வான்ஸ் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. கிளம்பும்போது அது முழுசாகத் திரும்ப வரவேண்டும் என்ற பயமே வாயைக் கட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேல் சாதி. ‘சைவம் மட்டும்’ என்று சொல்லித் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவைச் சாத்தும் வழக்கத்தைப் பற்றி 2017 சட்டத்தில் ஒரு சொல் கிடையாது. கதவு திறந்தவர்களும் சாத்தப்பட்டவர்களும் சேர்ந்து நின்றால்தான் வாடகைதாரர் இயக்கம் என்று ஒன்று உருவாகும். அந்தச் சேர்க்கை நடக்கவே இல்லை.

குடிசைப்பகுதிகளின் கதை வேறு திசையில் போனது. 1970-இல் கருணாநிதி ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் (இன்றைய வாழ்விட மேம்பாட்டு வாரியம்) அமைந்தது. 1971-இல் அதற்கான சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஓர் அத்தியாயம் இருக்கிறது. குடிசைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் குடியிருப்பவரை வெளியேற்ற, உரிய அதிகாரியிடம் முன் அனுமதி பெற வேண்டும். அந்த அதிகாரி, வெளியேறுகிறவரின் சக்திக்கேற்ற மாற்று வீடு கிடைக்குமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரையும் வீடற்றுப் போகும் ஆபத்தையும் ஒரே வரியில் சேர்த்துப் பார்த்த அரிய சட்டம் இது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் இன்னும் 17. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை. நகரம் வளர்ந்துகொண்டே போனது, பட்டியல் நின்றுவிட்டது. பின்னால் வந்த குடியிருப்புகள் எல்லாம் நீரோட்டப் புறம்போக்கு, சாலைப் புறம்போக்கு, ஆட்சேபணைக்குரிய இடம். 1977-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய திட்டத்தில், இருக்கும் இடத்திலேயே வசதி செய்து கொடுத்து மனையையும் உரிமையாக்கும் முறை சில காலம் நடந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மனைத் திட்டங்கள் அப்போது வந்தவை. அவற்றில் குறைகள் இருந்தாலும் மக்களை ஊர் எல்லைக்கு அப்பால் தள்ளவில்லை.

1985 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பை ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். பம்பாய் நடைபாதைவாசிகளைப் பேருந்தில் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்ப 1981-இல் அன்றைய முதல்வர் ஏ.ஆர். அந்துலே போட்ட திட்டத்திலிருந்து பிறந்த வழக்கு அது. அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டு அதே நாளில் முடிவான இன்னொரு வழக்கு சென்னையுடையது. மனுதாரர் பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. அதே தீர்ப்பில், நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை, நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. சென்னை வழக்கில் தமிழ்நாடு அரசு குடிசைவாசிகளுக்காக எடுத்துவரும் அக்கறை தொடரும் என்ற நம்பிக்கையைப் பதிவுசெய்து முடித்தது. நம்பிக்கையை நிறைவேற்றச் சொல்லி யாரும் நீதிமன்றம் போக முடியாது. ஆனாலும் குடிசைவாசியும் நடைபாதைவாசியும் ஒரே வழக்கில் நின்றது பெரிய விஷயம்.

நீதிமன்றத்துக்கு வெளியே அந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். 1979-இல் தொடங்கிய பெண்ணுரிமை இயக்கமும் அதோடு ஒட்டி வளர்ந்த கட்டுமானத் தொழிலாளர் சங்கமும் குடிசைப்பகுதிகளில் தெருத்தெருவாக வேலை செய்தன. இது சென்னைக்கு மட்டும் உரியதல்ல. 1915-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மேரி பார்பர் போன்ற பெண்கள் வாடகை உயர்வை மறுத்து, காலி செய்ய வந்த அதிகாரிகளைப் படிக்கட்டிலேயே மறித்து, பிரிட்டனில் வாடகைக் கட்டுப்பாட்டையே கொண்டுவந்தார்கள். புல்டோசர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் பெண். தண்ணீர் லாரிக்கு நிற்பவரும் அவரே. குடியிருப்புப் போராட்டம் எங்கும் பெண்கள் தோளில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

2000-க்குப் பிறகு சென்னை தன் ஏழைகளைத் தெற்கே அனுப்பத் தொடங்கியது. கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி. அடுத்து எழில் நகரும் பெரும்பாக்கமும். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைக் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் அங்கே கொண்டுபோகப்பட்டன. வெள்ள ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியவை, அதே வெள்ளத்தில் மூழ்கியவை. வீட்டு வேலை, மூட்டை தூக்குதல், மீன் விற்பனை என்று விடியுமுன் தொடங்கும் தொழில்கள் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நடக்காது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை மறுக்கப்படுவதாக அந்த இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிடுகிறார்கள். பிழைக்க முடியாமல் பலர் அந்த வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டோ நகருக்குத் திரும்பி வாடகைக்கு இருக்கிறார்கள். இதைக் கண்டு, வீடு கொடுத்தால் விற்றுவிடுகிறார்கள் என்று சொல்பவர்கள் தூரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

2021-இல் அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகர் இடிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவு வெளியானது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்படுவதைக் கண்டு ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு முதல்வர் சட்டமன்றத்தில், அந்த மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே வீடு தரப்படும், இனி மக்களோடு கலந்து பேசியே மாற்றம் நடக்கும் என்று சொன்னார். அருகிலேயே வீடு கொடுக்க இடம் இருக்கிறது என்பதை ஓர் உயிர் போனபின் அரசே ஒப்புக்கொண்டது.

இந்த வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் நடைபாதைக் குடும்பங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்திய நகரங்களில் 9.38 லட்சம் வீடற்றோரைக் கண்டது. ஒரே இரவில் எண்ணியது என்பதால் விடுபட்டவர் பலர் என்று அவர்களோடு வேலை செய்வோர் சொல்கிறார்கள். அரசுக்கு இவர்கள் நெடுங்காலம் குற்றவாளிகள். 1945-இன் பிச்சை தடுப்புச் சட்டமும் மேல்பாக்கம் முகாமும் அந்தப் பார்வையில் பிறந்தவை. டெல்லிக் குளிரில் வீடற்றோர் இறந்ததைத் தொடர்ந்து 2010-இல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் அதற்கு நிதி ஒதுக்கியது. சென்னை மாநகராட்சியும் காப்பகங்கள் திறந்தது: ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, மனநலம் பாதிக்கப்பட்டோருக்கு, பெரிய மருத்துவமனைகளில் நோயாளியோடு வந்தவர்களுக்கு. இவற்றால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் உண்டு. குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் வால்டாக்ஸ் சாலையிலும் என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் பிராட்வேயிலும் இருப்பவர்கள் தனி ஆட்கள் அல்லர். மூன்று தலைமுறையாக அதே நடைபாதையில் வாழும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. நடைபாதை முகவரியிலேயே வாக்காளர் அட்டையும் ரேஷன் அட்டையும் வைத்திருக்கிறார்கள். கணவனை ஓர் இடத்திலும் மனைவியை இன்னோர் இடத்திலும் பிள்ளையை மூன்றாவது இடத்திலும் படுக்கவைக்கும் காப்பகத்துக்கு அவர்கள் ஏன் போக வேண்டும்? பாத்திரத்தையும் அடுப்பையும் யார் பார்த்துக்கொள்வது? போகாதவர்களை ‘காப்பகத்துக்கு வர மறுக்கிறார்கள்’ என்று அதிகாரிகள் எழுதுகிறார்கள். குடிசைப்பகுதிச் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலும் இவர்கள் அரிதாகவே வருகிறார்கள். இவர்களிடம் இடிக்கப்படுவதற்கு வீடு இல்லையே.

பம்பாயில் இது வேறு மாதிரி நடந்தது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், ஜனதா காலனியில் பிள்ளைகளைக் கொண்டு குப்பையைக் கட்டித் தூக்கி மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டியதில் தொடங்கியவர். நெருக்கடி நிலையின்போது 1976-இல் அந்தக் காலனியே இடிக்கப்பட்டது. அவர் கட்டிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, பைகுல்லா நடைபாதைப் பெண்களின் மகிளா மிலனோடு கைகோத்தது. 1985-இல் நடைபாதைவாசிகளையே கொண்டு சுமார் 6,000 குடும்பங்கள் எண்ணப்பட்டன. யார் எங்கே வேலை செய்கிறார், எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று அரசிடம் இல்லாத விவரம் மக்களிடம் வந்தது. பேச்சுவார்த்தையில் உட்கார நாற்காலி கிடைத்தது அந்தக் கணக்கால்தான். 1995-இன் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் நடைபாதைக் குடும்பங்களும் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அந்தத் திட்டத்தில் கட்டுநர்களின் கொள்ளையும், வெயில் எட்டாத கோபுரங்களும், இந்தத் தேதிக்கு முன் வந்தவருக்கே வீடு என்ற கெடுவும் உண்டு. அதை முன்மாதிரி என்று சொல்ல வரவில்லை. பட்டியலை மக்கள் எழுதினால் அதில் யார் இடம் பெறுகிறார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

சென்னையில் பட்டியலை வாரியம் எழுதுகிறது. பயோமெட்ரிக் கருவியோடு வரும் நாளில் அந்த முகவரியில் ஆதாரும் ரேஷன் அட்டையும் இருப்பவருக்கே ஒதுக்கீடு. குடிசையில் வாடகைக்கு இருப்பவரிடம் பெரும்பாலும் அவை இருக்காது. வீட்டுக்காரர் அந்த முகவரியில் அட்டை எடுக்க விட்டிருக்க மாட்டார். அன்றைக்கு வேலைக்குப் போயிருந்த தனிப் பெண், பெற்றோரோடு ஒரே அறையில் இருக்கும் திருமணமான மகன், வேற்று மாநிலத் தொழிலாளி, திருநங்கை என்று விடுபடுகிறவர்களின் வரிசை நீளம். இடிப்பு முடிந்த இரவில் புதிதாக வீடற்றவராக ஆகிறவர்கள் இவர்களே. அரசின் வீடற்றோர் கொள்கை மறுநாள் காலை அவர்களைக் காப்பகத்தில் தேடுகிறது.

இவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் பகுதிச் சங்கங்களில் தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கம் பொய்யானதல்ல. குடிசையின் பின்பக்க அறையை வாடகைக்கு விட்டு அதில் மருந்து வாங்கும் விதவைத் தாய் இருக்கிறார். வாடகைக்காரருக்கும் ஒரு வீடு என்று கேட்டால் தன் வீடு போய்விடுமோ என்று அவர் அஞ்சுகிறார். ஒரு குடிசைக்கு ஒரு வீடு என்ற வாரியத்தின் கணக்கு அந்த அச்சத்தை வளர்க்கிறது. குடிசையை எண்ணாமல் குடும்பத்தை எண்ணு என்பதே சங்கம் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை. வாரியம் வருவதற்கு முன்பே, வாடகைக்கு இருப்பவர், தெருமுனை நடைபாதையில் இருப்பவர் எல்லோரையும் சேர்த்துச் சங்கமே எண்ணி, அந்த ஏட்டை வட்டார மாமன்ற உறுப்பினர் முன்பும் நீதிமன்றத்திலும் வைக்க முடியும். கருணைத் தொகைக்குப் பதிலாக அந்த வட்டாரத்தின் உண்மையான வாடகையை, கட்டி முடிக்கும் நாள்வரை மாதாமாதம் தரச் சொல்ல முடியும். அடிமனைச் சங்கங்களின் வழக்கறிஞர்கள் 78-ஆம் பிரிவில் பெற்ற அனுபவம் கூவம் கரைக்கு அப்படியே பயன்படும். 2017 சட்டத்தின் முன்பண விதியில் உள்ள ஓட்டையை அடைக்கச் சொல்வது வீட்டு வாடகைதாரரும் வாரியக் குடும்பமும் ஒரே மேடையில் கேட்கக்கூடிய கோரிக்கை.

வால்டாக்ஸ் சாலைக் குடும்பங்களும் அவர்களுக்காகப் பேசுவோரும் கேட்பது எளிய கணக்கு: பெரும்பாக்கம் வேண்டாம், பூ கட்டும் சந்தைக்கும் மூட்டை இறக்கும் கடைகளுக்கும் நடந்து போகும் தூரத்தில் வீடு வேண்டும். வடசென்னையில் துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் நிலம் இருக்கிறது. அதை யாருக்கு ஒதுக்குவது என்ற கேள்வி மாமன்றக் கூட்டத்தில் இன்னும் எழுப்பப்பட வேண்டியிருக்கிறது.